எஞ்சின் மேல் வைத்த பொட்டலம்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ராஜாம்பாள் வேலை பார்த்த கொட்டகைக்கும் அவள் கணவன் அர்ச்சுனன் வேலை பார்த்த சூளைக்கும் நடுவே ஒரே சுவர். கொட்டகையில் கரும்புக்குக் கட்டும் முட்டை அட்டை தயாரித்தார்கள். அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, எள்ளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குளவிகளை அதன்மேல் விடுவார்கள். அவை அந்த முட்டைகளுக்குள் தங்கள் முட்டையை வைக்கும். நாலாம் நாள் அட்டை கறுக்கும். ஏழெட்டு நாளில் புதுக் குளவிகள் ஓட்டை போட்டு வெளியே வந்து, வயலில் கரும்புப் புழுவின் முட்டைகளைத் தேடிப் போய் அழிக்கும்.

2008 கத்திரி வெயிலில் கரண்ட்டு நாளுக்கு மூன்று தடவை போனது. குளுமையில் ஒரு வாரம் இருக்கிற குளவி, சூளைச் சூட்டில் ஒரு பகலைத் தாண்டவில்லை. பிழைத்த குளவியும் முட்டை வைக்காமல் சோம்பிக் கிடந்தது. ராஜாம்பாள் மணிக்கொரு தரம் சாக்குகளை நனைத்துக் கட்டினாள்.

"பூச்சிக்கு விசிறுற. எனக்கு விசிற ஆளில்ல" என்பான் அர்ச்சுனன்.

"நீங்க போடுற நெருப்புதான் சொவுரு தாண்டி வந்து அதைக் கொல்லுது. பேசாம சாப்புடுங்க."

திட்டக்குடிப் பக்கம் அவள் தம்பி கோதண்டபாணிக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. போன வருஷம் பாதியைப் புழு தின்றிருந்தது.

"இந்த வாட்டியும் போச்சுன்னா திருப்பூருக்குப் போயிடுவேங்க்கா."

"மருந்தடிக்காத. அடிச்சா குளவியும் செத்துடும். நான் அட்டை தரேன், என்னை நம்பு."

அட்டை தயாரான அன்று காலையிலேயே கரண்ட்டு போய்விட்டது. கொட்டகையை விட்டு அவளால் நகர முடியவில்லை. பஸ் டிரைவர் தங்கதுரையிடம் பொட்டலத்தைக் கொடுத்தாள். "உசுரு இருக்குதுண்ணே, பத்திரம்."

தங்கதுரை நல்ல மனிதர். யார் காலும் படக்கூடாது என்று தன் பக்கத்திலேயே, எஞ்சின் மூடிமேல் வைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம்.

அக்கா சொன்னபடியே கோதண்டபாணி சாயங்காலம் அட்டையை இலைக்கு அடியில் கட்டினான். பன்னிரண்டாம் நாள் போன் செய்தான்: "புழு ஏறிடுச்சுக்கா."

ராஜாம்பாள் போய் அட்டையைப் பிய்த்து லென்ஸில் பார்த்தாள். எல்லா முட்டையும் கறுப்பு. ஒன்றில்கூட ஓட்டை இல்லை. உள்ளேயே வெந்திருந்தன.

"பொட்டலம் கைக்கு வரும்போது எப்புடிடா இருந்துது?"

"இட்லிப் பொட்டலம் மாதிரி சுட்டுது. வெயிலுன்னு நெனைச்சேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "தப்பு என்னுதுடா. எஞ்சின் மேல வெக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"பூச்சி செத்ததை வுடு. அதுக்கு நாளெல்லாம் தண்ணி தெளிக்கிற. தம்பிக்கு ஒரு நடை வரத் தோணல உனக்கு."

மூன்றாம் நாள் புது அட்டையை ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தானே போனாள். வரப்பில் ஏறும்போதே மருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. கோதண்டபாணி முதுகில் ஸ்பிரேயரோடு நடுவயலில் இருந்தான்.

"புழு கணுவுக்குள்ள போயிட்டுதுடா. மருந்து எட்டாது."

"சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியலக்கா."

அந்த இலையில் குளவி ஒரு மணி நேரம் தாங்காது. அட்டையை அவர்கள் கரும்பிலாவது கட்டலாமா என்று பக்கத்து வயல் செல்வநாயகியிடம் கேட்டாள். "நாங்க நேத்தே அடிச்சிட்டோம், தாயி." திரும்பும் பஸ்ஸில் குளவிகள் பொரிந்து, மடிப்பு வழியே வந்து அவள் விரல்மேல் ஊர்ந்தன. சிலதை ஜன்னல் காற்று கொண்டுபோனது. மற்றவை வீடு வருவதற்குள் அசைவதை நிறுத்திவிட்டன.

மார்கழியில் வெட்டிய கரும்பு உள்ளே சிவந்து, எடை நிற்காமல் போயிற்று. பொங்கல் கழிந்ததும் கோதண்டபாணி பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குக் கிளம்பினான். ராஜாம்பாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள்.

"போயிட்டு வரேங்க்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் கரும்பு வேண்டாமென்று சவுக்கு நட்டார்.