பட்டனை அமுக்கிய விரல்

"...அதனாலதான் சொல்லுதேன், நிப்பாட்டாதீங்கலே! கொட்டு நின்னாத்தான் ஏச்சு காதுல விழும். ஏச்சு காதுல விழுந்தாத்தான் அருவா வெளிய வரும்!" என்று மேடையோரத்திலிருந்து கத்தினார் மைக்செட் அண்ணாச்சி. கோயில் கொடைத் திருவிழாக்களில் எத்தனையோ அடிதடிகளைப் பார்த்த மனுஷர்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் நாங்கள் நான்கு கல்லூரிப் பயல்கள் ஹெவி மெட்டல் குழு வைத்திருந்தோம். திசையன்விளைப் பொட்டல் ஒன்றில் வாசித்து, கூட்டத்தின் கூச்சலோடு அப்படியே கேசட்டாகப் போட வேண்டும் என்பது எங்கள் கனவு. அண்ணாச்சியின் ரெக்கார்டரில் பதிவுப் பட்டன் அமுக்கினால் அப்படியே அமுங்கி நிற்காது. அன்றைக்கு அதை விரலால் அமுக்கியே பிடித்திருந்தார். விரலை எடுத்தால் கேசட் போச்சு.

முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்த கீழத்தெருப் பயலும் மேலத்தெருப் பயலும் மண்டை முட்டிக்கொள்ள, இரண்டு தெருவும் மோதிக்கொண்டன. நாற்காலிகள் பறந்தன. ஒருவன் உடைந்த பல்லை ரத்தத்தோடு துப்பினான். அண்ணாச்சி கத்தியதும் நான் கிதாரை இன்னும் ஓங்கி அடித்தேன். எங்கள் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கூச்சல் கிடைக்குமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது ஒரு சோடா பாட்டில் வந்து எங்கள் டிரம்காரன் நெற்றியைப் பிளந்தது. கொட்டு நின்றது.

"ஏலே, ஒங்கம்மைய..." என்று ஒரு குரல் பொட்டல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. எதிரில் நின்றவன் முதுகுப் பக்கம் கையை விட்டு அருவாளை உருவினான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு மேடையில் தாவி ஏறி, ரத்தம் பட்ட குச்சிகளைப் பொறுக்கிக் கொடைக்கொட்டு அடிக்கத் தொடங்கினார்.