இல்லாததை முதலில் சொன்னவர்

அந்தச் செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மைதீன் சாருடைய எண்ணிலிருந்தே வந்தது. “அண்ணன் மௌத்தாயிட்டாக. அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்.” அவருடைய தம்பி சேக், அண்ணனின் போனை எடுத்து அனுப்பியிருக்கிறார். திரையில் பெயர் மைதீன் சார் என்று இருந்தது. யாருடைய அண்ணன் என்று நான் யோசித்தேன். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன்.

நெஞ்சுவலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். கல்லுப்பட்டியைத் தாண்டும்போது முடிந்துவிட்டது.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். பேராசிரியர் மைதீன் பிச்சை நிலத்தடி நீரைப் பற்றி என்ன எழுதினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அவருடைய மாணவன் அல்ல. அதே துறையில் உதவிப் பேராசிரியர். கடைசிச் சில ஆண்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு வேலை செய்தோம். அதில் தோற்றோம். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேலை இதுதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீருக்கென்று ஓர் ஆய்விருக்கை அமைந்தது. தன் துறையில் பெயர் பெற்ற மூத்த ஆய்வாளர் ஒருவரை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டும். ஆய்வுக்கூடம் தருவோம், மாணவர்களைத் தருவோம், அவர் இங்கேயே தங்கி ஆய்வு செய்ய வேண்டும். ஆள் தேடும் பொறுப்பு மைதீன் சாருக்கு. மின்னஞ்சல் எழுதுவதும் வண்டி ஏற்பாடு செய்வதும் எனக்கு.

உள்ளே இருப்பவர்கள் அந்த இருக்கைக்கு வர முடியாது என்பது விதி. அந்த விதி மட்டும் இல்லையென்றால் அவரே அமர்ந்திருக்கலாம். இதைத் துறையில் எல்லோரும் சொன்னார்கள், கேலியாகவும் சொன்னார்கள். ஒருநாள் கேன்டீனில் இயற்பியல்காரர் ஒருவர், சேர் வாங்கியாச்சு, உட்காரத்தான் ஆளைக் காணோம் என்றார். மைதீன் சார் டீயைக் கீழே வைக்கவில்லை. “நீங்க வேணா செத்த நேரம் ஒக்காந்து பாருங்க. நான் ரெண்டு கேள்வி கேட்டா எந்திரிச்சிருவீய.”

அவருக்கு அந்த இருக்கை எதற்கு வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வேண்டும். எனக்குக்கூட, என் ஆய்வுக் கட்டுரையில் இணைத்துக்கொள்ள ஒரு பெரிய பெயர் வேண்டும். அவர் சொன்ன காரணம் வேறு. மலையில் மழை பெய்கிறது, அடிவாரத்துக் கிணறு வற்றுகிறது. நடுவில் அந்த நீர் எங்கே போகிறது என்று தன் வாழ்நாள் முழுவதும் அளந்திருந்தார். ஒரு விளக்கமும் வைத்திருந்தார். அதை மறுத்துப் பேச இங்கே ஆள் இல்லை. “எல்லாரும் சரிங்கிறாங்க தம்பி. நெசமாவே சரியா, இல்ல என்னையப் பாத்துச் சரிங்கிறாங்களா? தப்புன்னா எந்த எடத்துல தப்புன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். ஓய்வு பெறதுக்குள்ள.”

முதலில் வந்தவர் வடக்கிலிருந்து வந்த பெரிய விஞ்ஞானி. நிர்வாகம் தந்த திட்டத்தில் ஆண்டாள் கோயில், பால்கோவா, அய்யனார் அருவி எல்லாம் இருந்தன. மைதீன் சார் வண்டியை நேராக மம்சாபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு விடச் சொன்னார். அதன் சொந்தக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வாங்கியது. தோட்டக்காரர் போர்வெல் குழாயை மேலே இழுத்துப் போட்டிருந்தார். வந்தவரிடம் இந்தியிலேயே பேசினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இவியளாவது தண்ணி எங்க போச்சுன்னு சொல்லுவாகளா? ஒங்க சாரு வருசா வருசம் வாராக, அளக்காக, போயிருதாக” என்றார். அதிகம் சிரித்தது மைதீன் சார்தான்.

திரும்பும் வழியில் வந்தவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் நின்று நின்று வரும். கருவி பழுதானால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். சாயங்காலம் பேச்சுத் துணைக்கு இவரும் நானும்தான். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார். இவ்வளவு நன்றாக ஏமாற்றும் பாறையை நீங்கள் வேறெங்கும் பார்க்க மாட்டீர்கள்.

வந்தவர் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நிர்வாகம் மைதீன் சாரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அவர் மாறவில்லை. அவருடைய அத்தா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். இப்போது அது தம்பி சேக்கிடம் இருக்கிறது. சாயம் போகும் துணியை, சாயம் போகும் என்று சொல்லித்தான் அத்தா விரித்துப் போடுவாராம். “பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவாக. வாங்கிட்டுப் போனவுக திரும்பி வருவாக. சண்டைக்கு இல்ல, அடுத்த துணிக்கு.”

பிறகும் சிலர் வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். எந்திரிச்சுப் போகும் பாதிதான் எங்களுக்கு வாய்த்தது.

டாக்டர் வசுந்தரா வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். படிக்கப் போய் வெளிநாட்டிலேயே இருந்துவிட்டவர். மைதீன் சாருடைய கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டே, உங்கள் மூன்றாவது கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லை என்றார். சாருடைய முகம் அன்று இருந்ததைப்போல் நான் பிறகு பார்த்ததில்லை. காதல் சொல்லப்பட்டவரைப்போல் இருந்தார்.

மின்வெட்டு, தண்ணீர், கருவி என்று எல்லாக் குறைகளையும் கேட்டுவிட்டு வசுந்தரா தலையாட்டினார். அதெல்லாம் எனக்குத் தெரிந்த ஊர்தானே என்றார். பிறகு ஒன்று கேட்டார். கணவருக்கு இதயத்தில் கோளாறு. திடீரென்று ஏதாவது ஆனால்?

நான் சாரைப் பார்த்தேன். இங்கேயும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது பொய்யும் அல்ல.

“இங்க முதல்ல பாப்பாங்கம்மா. பெருசா ஏதும்னா மதுரைக்குத்தான் போவணும். வழி நெடுகப் பயமாத்தான் இருக்கும்.”

அவர் வரவில்லை.

அன்று நான் சாரிடம் கோபமாகப் பேசினேன். வந்து சேர்ந்த பிறகு அவர்களே தெரிந்துகொள்ளட்டுமே, இப்போதே ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வந்த பொறவு தெரிஞ்சா, இங்க இருந்துக்கிட்டே போயிருவாக தம்பி. ஆளு இருக்கும். அவிய இருக்க மாட்டாக.”

அதன் பிறகும் அவர் வசுந்தராவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒருபோதும் வரச்சொல்லி அழைத்ததில்லை. கிணற்று அளவுகளை அனுப்புவார். வசுந்தரா மறுப்பார். இவர் பேசி முடித்துவிட்டு என் அறைக்கு வந்து, “இன்னைக்கும் ஒத்துக்கிடலை” என்பார், பரிசு வாங்கியவரைப்போல.

அடக்கத்துக்கு மம்சாபுரத்துத் தோட்டக்காரர் வந்திருந்தார். செட்டியார்பட்டியிலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் கிணற்றுக்காரர்கள் வந்திருந்தார்கள். மூன்று பிடி மண் போட்டார்கள். குழியின் விளிம்பில் நின்ற தோட்டக்காரர், மண் ஈரமாயிருக்கு என்றார். சேக் என்னிடம், “அண்ணன் சேருக்கு ஆளு கெடச்சுதா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

போன வாரம் வசுந்தரா அழைத்தார். சாருடைய போன் அணைத்தே இருப்பதால் என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார். கணவருடைய வேலை முடிந்துவிட்டது. ஊருக்குப் போவோம் என்று இப்போது சொல்வது கணவர்தான். “பயப்படறதுன்னா எங்க இருந்தாலும் பயம்தான்னு சொல்றார். மைதீன்கிட்டச் சொல்லுங்க, வரலாம்னு இருக்கோம்.”

சாரின் ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

“மேடம், முதல்ல ஒரு குறையைச் சொல்லணும்” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்களும் அவர் மாதிரியே ஆரம்பிக்கிறீங்களே. சொல்லுங்க, கரண்டா, தண்ணியா?”

“மைதீன் சார் இல்ல மேடம்.”

எப்படி என்று கேட்டார். மாரடைப்பு என்று சொல்லி நிறுத்தலாம். அதுவும் பொய் அல்ல. பல்கலைக்கழகத்தின் இத்தனை ஆண்டுத் தேடல், என் வேலை, மூடிக்கிடக்கும் அந்த ஆய்வுக்கூடம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் நின்றன.

“மாரடைப்பு. மதுரை போற வழியில.”

அவர் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், “அப்ப, அங்க என்னதான் இருக்கு?” என்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை.

சார் அளந்த கிணறுகள் இருக்கின்றன என்றேன். அந்த மூன்றாவது கட்டுரை இருக்கிறது, அது தப்பா என்று இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். இதை எழுதும் வரை பதில் இல்லை. இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

மைதீன் சாரிடமிருந்து எனக்கு எஞ்சியது ஒரு வரிசை: முதலில் இல்லாதது, அப்புறம் இருப்பது. முதல் பாதியை ஏறக்குறைய அவரைப்போலவே சொல்லிவிட்டேன். இரண்டாம் பாதியைச் சொன்னபோது குரல் என்னுடையதாக மட்டும் இருந்தது. ஒருவர் ஊர் பெயர்ந்து வருவதற்கு அது போதுமா என்று தெரியவில்லை.