ஆமைக்குட்டிக்கு நாங்கள் கொடுத்த குரல்

பள்ளிக்கூட நாட்களில் நானும் கிண்ணியா ஊரைச் சேர்ந்த என் தோழியும் விடாமல் பார்த்த கார்ட்டூன் ஒன்று இருந்தது. தாயைத் தேடிக் கடல் கடலாக நீந்தும் ஆமைக்குட்டியின் கதை. தொலைக்காட்சியில் அது தமிழ் பேசியது. கடைசிப் பகுதி வந்த அன்று ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

போன வருடம் அது டிவிடியாக வரப்போவதாக அறிவித்தார்கள். கனடாவிலிருக்கும் அண்ணாவிடம் வாங்கி அனுப்பச் சொல்லிவைத்தேன். வெளியீடு தள்ளித் தள்ளிப் போனது. தோழி அடிக்கடி போன் எடுத்து, "வந்திட்டுதா? இனிப் பொறுக்க ஏலாதடி" என்பாள்.

டிவிடி வந்ததும், எங்கேயோ தேடிப்பிடித்த பழைய பிளேயரோடு ஓர்ஸ் ஹில்லிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். போட்டால், குட்டி ஆங்கிலத்தில் கதைத்தது. தமிழே இல்லை. அவள் முகம் வாடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில், "சத்தத்தைக் குறை, நான் கதைக்கிறன்" என்றாள். பழைய வசனங்கள் அவளுக்கு அப்படியே மனப்பாடம். கடைசிப் பகுதியின் வசனம்தான் எங்கள் இருவருக்கும் தெரியாது. குட்டி தாயைக் கண்டதும் அவளாகவே ஒரு வசனம் சொன்னாள்.

"உம்மா, நான் வந்திட்டன்."

தாய்க்கு நான்தான் பேச வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை.

"சாப்பிட்டியா மகள்?" என்றேன்.

அவள் அழுதுகொண்டே சிரித்த சிரிப்பில் முடிவைத் தவறவிட்டோம். திருப்பிப் போட்டுத்தான் பார்த்தோம்.