வெறும் மரக்கட்டைதானே!

மொழிபெயர்க்கிறவனுக்கு வாய் இருக்கலாம், சொந்தக் கருத்து இருக்கக் கூடாது. என்னோட சேர்ந்து இந்தத் தொழிலில அவதிப்படுறவைக்கு இது நல்லாய்த் தெரியும். ஜெர்மனிக்கு எண்டு ஊரில இருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில கைவிட்டுப் போன மூண்டு வருசத்தில படிச்ச ரஷ்யன்தான் இண்டைக்கு ஹம்பேர்க்கில எனக்குச் சோறு போடுது. அதில முதல் படிச்சது வசவுகளை. எல்லாம் எனக்கு விழுந்தவைதான்.

குடுமியும் தாடியும்

மொஸ்கோக்காரி ஒருத்திக்கும் கீவ்காரி ஒருத்திக்கும் மாடிப்படி கழுவுறதில சண்டை. வீட்டு நிர்வாகத்தில விசாரணை, மொழிபெயர்க்க நான். மொஸ்கோக்காரி "ஹஹோல்" எண்டு சொல்லிப்போட்டா. உக்ரைன்காரரை இழிவாய்ச் சொல்லுற சொல். அதை ஜெர்மனில சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள அவவே, "அது வசவில்லை, இவையின்ர பழைய வீரர் வச்சிருந்த குடுமி!" எண்டா. மற்றவ விடுவாவோ? "அப்ப நீ கத்ஸாப்! அதுவும் வசவில்லை, உங்கட ஆக்களின்ர ஆட்டுத்தாடி!"

ரஷ்யரை இழிக்கிற அந்தச் சொல் கசாப்புக்காரனில இருந்து வந்தது எண்டும் சிலர் சொல்லுவினம், எங்கட கசாப்புக்கடைக் கசாப்புத்தான். அதை நான் சேர்க்கேல்லை. இருந்ததை இருந்தபடி ஜெர்மனில சொன்னன். அதிகாரி பேனையை வச்சிட்டார்: "இரண்டு பேரும் தலைமயிருக்கோ சண்டை பிடிக்கினம்?"

என்ர பிழை

ருஸ்தாம் உஸ்பெக் பொடியன், கட்டட வேலை. கசாக்ஸ்தானில இருந்து வந்த மேற்பார்வையாளர் நெடுக அவனை "சூர்கா" எண்டுதான் கூப்பிடுவார். ஒருநாள் பொறுக்கேலாமல் சாமானை எறிஞ்சிட்டுப் போனவனை வேலையால நிப்பாட்டப் பாத்தினம். வேலை போனால் விசாவும் போகும்.

அதைப் பற்றின கூட்டத்தில நான்தான் மொழிபெயர்ப்பு. அங்க அந்தச் சொல் வந்தது. பதட்டத்தில நான், மடையன், அகராதியில கிடக்கிற கருத்தையே சொல்லிப்போட்டன்: மரக்கட்டை. ஜெர்மன்கார முதலாளி சிரிச்சார். மேற்பார்வையாளருக்கு ஒரே சந்தோசம்: "பாத்தியளோ, வெறும் மரக்கட்டைதானே!" ருஸ்தாம் சிரிக்கேல்லை. என்ர கறுத்த முகத்தையே பாத்துக் கேட்டான்: "உங்களை ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடேல்லையோ?"

திருத்தம்

எங்கட தொழிலில ஒரு வழி இருக்கு. மொழிபெயர்த்தவன் தன்ர பிழையைக் கையை உயர்த்தித் திருத்தலாம். அதுக்கு மேல ஒரு சொல்லும் கதைக்கேலாது. நான் கையை உயர்த்தினன். "நான் சொன்னது பிழை. எங்களைப்போல ஆக்களை மனிசரே இல்லை எண்டு தள்ளுற சொல் அது. மொஸ்கோவில மூண்டு வருசம் அதுதான் என்ர பேர்" எண்டன். சொல்லி முடிக்கேக்கதான் விளங்கிச்சு, கடைசி வசனம் திருத்தமில்லை, என்ர சொந்தக் கதை எண்டு. ஐயோ எண்டு போச்சு.

"அந்தச் சொல்லின்ர மூலம்..." எண்டு மேற்பார்வையாளர் தொடங்கினார். முதலாளி மறிச்சார்: "மூலம் கிடக்கட்டும். மரத்தைக் கூப்பிட்டனீரோ, இவனைக் கூப்பிட்டனீரோ?"

ருஸ்தாம் திங்கக்கிழமை வேற மேற்பார்வையாளரிட்ட வேலைக்குப் போறான். கருத்துச் சொன்ன மொழிபெயர்ப்பாளனை இனி ஆரும் கூப்பிடுவினமோ எண்டு நான் போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.