பொங்கோல் வீட்டில் ஒரு படுக்கை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிரிஜட் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. சத்தம் கேட்டு மகன் டெரன்ஸ் வந்து எட்டிப் பார்த்தான். குளியலறையை விட்டு நகரும்போது விளக்கை அணைக்க வேண்டும் என்று அவனுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித்தந்திருந்தார். அவன் விளக்கை அணைத்துவிட்டுப் போய்த் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தான்.

ஈரத்தரையில் இருட்டில் கிடந்த பிரிஜட்டுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை சொன்னபடிதானே செய்திருக்கிறான்.

"நான் செத்தாலும் அப்படித்தான். லைட்டை ஆஃப் பண்ணிட்டு டிவி பாப்பான்" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

டெரன்ஸுக்கு வயது நாற்பத்தொன்று. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. வார நாள்களில் இவனைப் போன்றவர்களுக்கான ஒரு பட்டறையில் விமானப் பயணிகளுக்கான ஹெட்போன்களைப் பிளாஸ்டிக் உறைகளில் போடுகிறான். பேச்சு சில சொற்களோடு முடிந்துவிடும். அப்பா பெர்னார்ட் இறந்து பதினோரு ஆண்டாகிறது. கேலாங் பக்கத்து மூவறை வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும்தான். பிரிஜட்டுக்கு எழுபத்திரண்டு.

இடுப்புக்குத் தகடு வைத்த மருத்துவமனையில் ஒரு தாதி கேட்டார்: "உங்களுக்கு அப்புறம் இவர் எங்க இருப்பார்?" அதுவரை அந்தக் கேள்வியைச் செபமாலை உருட்டும்போது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார் பிரிஜட். முதல் முறையாக வெளியாள் ஒருவர் வாய்விட்டுக் கேட்டார்.

அந்த ஆண்டுதான் டெம்புசு வாழ்வகம் என்ற அமைப்பு பொங்கோல் வட்டாரத்தில் ஒரு வீடு திட்டமிடத் தொடங்கியது. புதிய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். எட்டுப் பேர், ஆளுக்கொரு அறை, இரவும் பகலும் ஊழியர். நூறு பேரை ஒரே கூரையின் கீழ் படுக்கவைக்கும் பெரிய இல்லம் இல்லை. சமையல் வாசம் வரும் வீடு. திட்ட அதிகாரி வேய்ன், பிரிஜட் போகும் அதே தேவாலயத்துக்காரர். குடும்பத்தினர் குழுவில் சேரச் சொல்லி அவர்தான் கூப்பிட்டார்.

பிரிஜட் இரண்டரை ஆண்டுகள் ஒரு கூட்டம் தவறாமல் போனார். படுக்கையறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நின்று மறித்துக்கொண்டால் யாரும் நுழைய முடியாது என்றார். அடுப்புத் திருகு கண்ணில் படக்கூடாது என்றார். கண்ணாடி அலமாரி வேண்டாம் என்றார். கட்டட வரைபடத்தில் அவர் சொல்லி மாறிய கோடுகள் நிறைய.

அக்கம்பக்கத்து வீட்டாரோடு ஒரு கலந்துரையாடலும் நடந்தது. இரவில் கத்துவார்களா என்று ஒருவர் கேட்டார். வீட்டு விலை இறங்குமா என்று இன்னொருவர் கேட்டார்.

பிரிஜட் எழுந்தார். "நாப்பது வருஷமா எங்க பக்கத்து வீட்டுக்காரங்க அங்கேயேதான் இருக்காங்க. ஓடிப் போகல லா."

கூட்டம் சிரித்தது. அடுத்த மாத வரைபடத்தில் வாசல் மட்டும் கட்டடத்தின் பின்பக்கம் போயிருந்தது.

பிரிஜட் அதையும் பொறுத்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் டெரன்ஸை ரயிலில் பொங்கோலுக்கு அழைத்துப் போவார். தகரவேலிக்கு வெளியே நின்று, "டெரன்ஸ் ஹவுஸ்" என்று காட்டுவார். புதியது எதுவானாலும் அவனுக்கு ஆண்டுக்கணக்கில் பழக்கப்படுத்த வேண்டும். "டெரன்ஸ் ஹவுஸ்" என்று அவனும் சொல்லக் கற்றுக்கொண்டான்.

எட்டு அறைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. எந்தக் குடும்பம் இனிமேல் தாங்காது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. பிரிஜட் வீட்டுக்கு வந்தவர் வைஷாலி, இளம் சமூக ஊழியர்.

இங்கேதான் பிரிஜட் அந்தத் தப்பைச் செய்தார். வீட்டைத் துப்புரவு செய்தார்.

ஆர்ச்சர்ட் ரோட்டு ஹோட்டல் ஒன்றில் முப்பது ஆண்டுகள் தொலைபேசி இயக்குநராக இருந்தவர் அவர். சமையலறை தீப்பற்றி எரிந்தாலும் விருந்தாளிக்குக் குரலில் புகை தெரியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையானால், "டெரன்ஸ் எப்படி இருக்கான்?" என்று கேட்கும் கோயில் சனம். "தேவ கிருபையில நல்லா இருக்கான்" என்பதைத் தவிர வேறு பதில் அவர் சொன்னதில்லை. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். டெரன்ஸ் தலையால் முட்டி ஓட்டையாக்கிய கதவின்மேல் நாள்காட்டியை மாட்டினார். மகன் கடித்துத் தன் கையிலிருந்த தழும்பு மறைய நீளக்கைச் சட்டை போட்டார். டாக்டர் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த மாத்திரையில் பாதியைக் காலையிலேயே மகனுக்குக் கொடுத்தார். பெர்னார்டின் நாற்காலியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அதில் வேற்றாள் உட்கார்ந்தால் டெரன்ஸுக்குப் பொறுக்காது.

வைஷாலிக்கு மீன் கட்லெட்டும் தேநீரும் வந்தன. டெரன்ஸ், "குட் மார்னிங், மிஸ்" என்றான்.

"ரொம்ப கஷ்டமா இருக்கா ஆன்ட்டி?"

"கஷ்டம் யாருக்கும்மா இல்ல. சமாளிச்சுக்கிறேன்."

"நைட்ல தூங்குவாரா?"

"தூங்குவான், தூங்குவான். நீ இன்னொரு கட்லெட் எடுத்துக்கோ."

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. வீட்டுச் சூழல் நிலையாக இருக்கிறது, தாயார் நன்றாகச் சமாளிக்கிறார், காத்திருக்கலாம்.

குழுவில் பிரிஜட்டுக்கு நெருக்கமானவர் சரஸ்வதி. அவர் மகள் சிவானிக்கு இடம் கிடைத்திருந்தது. தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு இருவரும் பக்கத்துக் கடையில் காப்பி குடிக்கும்போது சரஸ்வதி கேட்டார்:

"உங்கள யாரு வீட்டைக் கூட்டச் சொன்னா?"

"வர்ற பொண்ணு குப்பையிலயா உக்காரும்?"

"எங்க வீட்டுல உக்கார எடமே இல்ல. சிவானி சோத்துத் தட்டைத் தூக்கி அடிச்சா, அப்படியே விட்டேன். செவுத்துல சாம்பார் ஒழுகுது, அந்தப் பொண்ணு எழுதுது. நான் தலைகூட வாரல."

"எனக்கு அப்படியெல்லாம் வராது, சரசு."

"வராதுன்னா எப்படிக்கா? நீங்க அந்தப் பொண்ணுக்குக் கட்லெட் குடுத்தீங்க. அது உங்களுக்கு நல்ல சர்ட்டிபிகேட் குடுத்துட்டுப் போயிருக்கு."

ஏழு இடங்கள் நிரம்பிவிட்டன. மிச்சம் ஒன்று. மறுபரிசீலனை கேட்கலாம் என்று வேய்ன் சொன்னார். பிரிஜட் கேட்டார். வைஷாலியே மறுபடி வந்தார்.

இம்முறை பிரிஜட் எதையும் தொடவில்லை. நாள்காட்டியைக் கழற்றினார். மாத்திரை இல்லை. சட்டைக் கை முழங்கைக்கு மேல். ஆள் வரப்போகிறது என்று டெரன்ஸிடம் சொல்லவும் இல்லை. பெர்னார்டின் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. வைஷாலி உள்ளே வந்து அதை நோக்கிப் போனபோது பிரிஜட்டின் வாய்வரை வந்தது, வேற எடத்துல உக்காரும்மா என்று. வாயை மூடிக்கொண்டார்.

"டாடி சேர்" என்றான் டெரன்ஸ்.

வைஷாலி அவனைப் பார்த்துச் சிரித்தார். அவர் எழுவதற்குள் அவன் இரண்டு கையாலும் நாற்காலியோடு சேர்த்துத் தள்ளினான். வைஷாலியின் முழங்கை அலமாரி விளிம்பில் இடித்தது. குறுக்கே போன பிரிஜட்டின் மணிக்கட்டில் அவன் பல் இறங்கியது. பிறகு கதவிடம் போய் முட்டத் தொடங்கினான்.

அவன் ஓய வெகுநேரம் ஆனது. வைஷாலி ஐஸ் பையை முழங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் ஏன் ஆன்ட்டி அன்னைக்குச் சொல்லல?"

"இன்னைக்குச் சொல்லிட்டேன்ல."

"இது இன்சிடென்ட். நான் ரிப்போர்ட் பண்ணாம இருக்க முடியாது."

"பண்ணும்மா. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்."

அன்று பிரிஜட் நிம்மதியாகத் தூங்கினார். கட்டுப்போட்ட கையோடு.

முடிவைச் சொல்ல வேய்ன் நேரில் வந்தார். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில், சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பேசினார்.

"எட்டாவது எடத்தை நிதீஷ்னு இன்னொரு பையனுக்குக் குடுத்துட்டாங்க, ஆன்ட்டி. டெரன்ஸ் ஸ்டாஃப் மேல கை வச்சுட்டான். அடிச்ச ரெக்கார்டு இருந்தா முதல் ரெண்டு வருஷம் எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"எப்ப வந்த ரூல்?"

வேய்ன் அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை; பிரிஜட்டுக்கே தெரியும். குழுக் கூட்டம் ஒன்றில் ஓர் அப்பா எழுந்து, என் பிள்ளையை இன்னொரு பிள்ளை அடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். அடித்த பதிவு உள்ளவரை எடுக்க வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். யாரோ ஒருவன் டெரன்ஸைக் கடிப்பது போல் பிரிஜட்டின் மனத்தில் ஒரு படம் ஓடியது. கை தூக்கினார். "நம்ம பிள்ளைங்கள்ல அடிக்காதது யாரு?" என்று கேட்டுக் கை தூக்காமல் இருந்தவர் சரஸ்வதி மட்டும்தான். ஊழியர் பற்றாக்குறையில் தவித்த வாழ்வகத்துக்கும் அந்த விதி வசதியாகவே இருந்தது.

"பெரிய ஹோம்ல பேரு குடுத்து வைக்கலாம், ஆன்ட்டி. அங்கேயும் க்யூதான், ஆனா..."

"முதல்ல ரொம்ப நல்லவன்னு எடமில்ல. இப்ப ரொம்ப மோசம்னு எடமில்ல. நடுவுல எந்தத் தேதியில வந்திருக்கணும், வேய்ன்? அதைச் சொல்லு, அடுத்த தடவ அன்னைக்கே கூட்டிட்டு வர்றேன்."

போகுமுன் வேய்ன் இன்னொன்றும் சொன்னார். திறப்பு விழாவுக்குப் பிரிஜட் வர வேண்டுமாம். குழுவின் மூத்த உறுப்பினர் இல்லாமல் எப்படி?

போகாதீர்கள் என்றார் சரஸ்வதி. பிரிஜட் போனார். வாழ்வகம் நாளைக்கு இன்னொரு வீடு கட்டினால் இன்றைக்கு முறைத்துக்கொண்டவரை யார் நினைத்துப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. விழா சனிக்கிழமை; அன்று பட்டறை கிடையாது. டெரன்ஸையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

உரைகள் நடந்தன. குடும்பங்களின் குரலைக் கேட்டுக் கட்டிய வீடு என்று ஒருவர் சொன்னார், பிரிஜட்டின் பெயரையும் சொன்னார். கைதட்டலில் அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது பக்கத்து நாற்காலி காலி.

டெரன்ஸ் மூன்றாவது அறையில் இருந்தான். காலணியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் சோடியாக வைத்துவிட்டு, விரிப்பின்மேல் நேராகப் படுத்திருந்தான். கதவில் நிதீஷ் என்று பெயர் ஒட்டியிருந்தது. நிதீஷின் அம்மா தலையணை ஒன்றை அணைத்தபடி வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"எழுந்திரு கண்ணா. வீட்டுக்குப் போவோம்."

"டெரன்ஸ் ஹவுஸ்" என்றான் அவன். குரலில் சண்டை இல்லை. அம்மா மறந்துவிட்டதை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னான்.

வேய்ன் வந்து காதருகே குனிந்தார். "ஆன்ட்டி, கெஸ்ட்ஸ் ரூம் பாக்க வர்றாங்க. கொஞ்சம்..."

பிரிஜட் அவனிடம் எதைச் சொன்னாலும் அது நடக்கும். ஊசி என்றால் ஊசி, ரயில் என்றால் ரயில். நாற்பத்தொரு ஆண்டுகளாக அப்படித்தான் அவனை வளர்த்திருந்தார். இப்போது பழைய ஹோட்டல் குரலை எடுத்தார்.

"டுமாரோ, டெரன்ஸ். டுடே க்ளீனிங். டுமாரோ கம்."

அவன் உடனே எழுந்தான். காலணியைப் போட்டுக்கொண்டான். போகும்போது கட்டில் விரிப்பின் சுருக்கத்தையும் கையால் நீவிவிட்டான்.

மறுநாள் விடியுமுன்பே அவன் சட்டை மாட்டி, பையோடு வாசலில் நின்றான். "டுமாரோ" என்றார் பிரிஜட். பையை இறக்கி வைத்தான். அதற்கடுத்த நாளும் அதேதான். இன்றுவரை அப்படித்தான் போகிறது. ஒரு காலைகூட அவன் கத்தவில்லை, முட்டவில்லை.

சரஸ்வதி தொலைபேசியில் கேட்டார்: "இல்லைன்னு ஒரு தடவ சொல்லிடுங்களேன்க்கா. எத்தன நாளைக்குப் பிள்ளைய ஏமாத்துவீங்க?"

"இல்லைன்னா அடிப்பான், சரசு" என்றார் பிரிஜட். "அடிச்சா அதையும் எழுதுவாங்க."