இலவச இதழுக்கு யார் பொறுப்பு?

ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி. எங்கள் மைசூர்க் கல்லூரி நூலகர் நிர்மலா மேடத்தின் மேசை முன்னால் செல்வி அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நான்.

செல்வி என் வகுப்புத் தோழி, தமிழக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரி. தன் ஊரில் களையெடுக்கும்போது பெண்கள் பாடும் பாட்டுகளைப் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறாள். அந்தப் பாட்டுகளைப் பற்றி அவள் தேடிக் கண்டடைந்தவை இரண்டே கட்டுரைகள். இரண்டும் ஒரே இணைய இதழில் — இலவச இதழ். எங்கள் துறையிலோ ஒரு விதி: நூலகப் பட்டியலில் இல்லாத இதழை மேற்கோள் காட்டக் கூடாது. ஆய்வுச் சுருக்கத்தை மறுநாள் ஒப்படைத்தாக வேண்டும்.

"அத மட்டும் கேட்டலாக்ல ஏத்திப்போடுங்க மேடம். அதில்லீன்னா தலைப்பையே மாத்தச் சொல்லிப்போடுவாங்க."

"பேடம்மா, பேடா! வேண்டவே வேண்டாம்." மேடம் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பதறினால் கன்னடம் முந்திக்கொள்ளும். "போன வருஷம் இப்படித்தான் ஃப்ரீ ஜர்னல் எல்லாம் சேத்தேன். இன்ஸ்பெக்ஷன் கமிட்டி முன்னாடி பிரின்சிபால் ஒண்ண கிளிக் பண்றார்... என்ன வந்துச்சு, கொத்தா, தெரியுமா?"

"என்னங்க மேடம்?"

"ரம்மி! சேர்ந்தா போனஸாம்!"

அந்த நிலையிலும் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதழை நடத்தியவர்கள் இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். சூதாட்டக்காரர்கள் அதை வாங்கிவிட்டார்கள். அப்படி ஆகி எத்தனை மாதங்கள் இருக்கும்? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

நான் பி.ஏ. சேர்ந்த புதிதில் இதே அறைக்குத்தான் அச்சு இதழ்கள் வரும். தபால் உறையை மேடம் ஸ்கேலால் கிழிப்பார். குத்திய முத்திரையின் மை காய்வதற்குள் யாரேனும் எடுத்துப் போயிருப்பார்கள். ஓர் இதழ் சற்றே தாமதித்தால் போதும்... கன்னடத் துறைப் பேராசிரியர் வாசலில் நின்றபடியே விசாரிப்பார். நகரின் மறுபக்கம் விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஏதோ நாங்கள்தான் ஒளித்துவைத்தது போல, முறைத்துவிட்டுத் திரும்புவார். புது இதழ் வந்த நாளில் அதை முதலில் பிடிக்க நானும் செல்வியும் மாடிப்படிகளில் ஓடியிருக்கிறோம். நான் ஓடினேன் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்று ஓர் இதழ் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும் — காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். இணைய இதழ் வருவதில்லை, எங்கோ இருக்கிறது. இருக்கும் ஒன்றுக்காக யார் காத்திருப்பார்கள்?

"தினமும் நான் திறந்து பாக்கறேன், மேடம்."

கேட்காமல் பேசுவது என் வழக்கமில்லை. செல்வியே திரும்பிப் பார்த்தாள்.

"நீ படிப்பு முடிஞ்சு போயிட்டா?"

"போறப்போ வேற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."

மேடம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "லிங்க் சொல்லு. மறுபடி ரம்மி வந்தா பிரின்சிபால் ரூமுக்கு நீதான் போகணும்."

"ஏனுங்க மேடம், போனஸ் வந்தா எங்களுக்கும் பங்குங்களா?" என்றாள் செல்வி.

"ஓடு, கழுதை!"

மறுநாள் காலை செல்வி ஆய்வுச் சுருக்கத்தோடு துறைக்குப் போனாள். நான் நூலகத்துக்குப் போய், வாக்குக் கொடுத்தபடி அந்த இதழைத் திறந்தேன். திறந்தது. பார்த்துவிட்டு மூடிவிடத்தான் நினைத்திருந்தேன்... இரண்டாவது கட்டுரையின் கடைசி வரியில் நான் நிமிர்ந்தபோது, என் முதல் வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.