வாசலில் பதித்த பீங்கான் கோலம்

மீனம்பாளுக்குப் பெரிய ஆசை என்று ஒன்றும் இருந்ததில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் தளவானூர் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்த பிறகு ஒன்று வந்தது: விடிகாலையில் கோலம் போடாமல் இருக்க வேண்டும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சோம்பேறியும் ஒரு வேலையைத் தட்டிக்கழிக்க இவ்வளவு பாடுபட்டதில்லை.

செஞ்சியில் அவர்களுடையது ஒரே வாசல், இரண்டு குடித்தனம். ஒரு பாதியில் அவளும் கணவன் இராமச்சந்திரனும். மறு பாதியில் கணவனின் சித்தப்பா ராஜாராம், அவர் மனைவி கமலாம்பாள், மகன் தனகோட்டி. வாசல் பொது என்பதால் கோலமும் பொது. போடுகிற கை மட்டும் மீனம்பாளுடையது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் விட்டு ஓடினால், சாயங்காலம் கமலாம்பாள் மீதிப் பாதியைப் பற்றிப் பேசுவாள்.

ஒரு பெண்கள் பத்திரிகையில், பீங்கான் சில்லு பதித்து வீட்டிலேயே மொசைக் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் வந்திருந்தது. பூந்தொட்டிக்கும் டீ வைக்கும் மேசைக்கும் வழி சொல்லியிருந்தார்கள். மீனம்பாள் வீட்டில் அந்த இரண்டுமே இல்லை. வாசல் இருந்தது.

கடைவீதியில் மஜீத் பாயின் பீங்கான் கடைக்குப் போய், உடைந்த தட்டும் சாசரும் வேண்டும் என்றாள்.

"நல்லதே இருக்குதும்மா," என்றார் மஜீத் பாய்.

"அத வாங்கினா நான்தான பாய் ஒக்காந்து ஒடைக்கணும்?"

அவர் வைக்கோல் பெட்டிகளின் அடியில் கிடந்ததையெல்லாம் கோணியில் கொட்டிக் கொடுத்தார். காசு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இராமச்சந்திரனை நினைத்துப் பாவமாக இருந்ததாம்.

கோணிக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டினால் சில்லு கண்ணில் தெறிக்காது. கழுவாத சில்லில் சிமெண்ட் பிடிக்காது. இரண்டையும் அவள் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டாள். முதலில் பதித்ததெல்லாம் மறுநாளே ஆடும் பல்லாக ஆடியது. இரண்டாம் முறை வாசலில் நேராகப் பதிக்கப் பயந்து, கொல்லையில் பலகைச் சட்டம் அடித்து, மணல்மேல் காகிதம் விரித்து, கம்பி வலை கொடுத்துத் தனிக் கல்லாக வார்த்தாள். சில்லுகளைப் பூக்கோலமாக அடுக்கி அழுத்தி மட்டம் பார்த்து, இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து அடைத்து, ஈரச் சாக்குப் போட்டு நாள்கணக்கில் நனைத்தாள்.

நீலம் பற்றவில்லை. விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த நீலத் தட்டைக் கோணிக்குள் போட்டாள். சத்தம் கேட்டு இராமச்சந்திரன் ஓடி வந்தான்.

"கை தவறிடிச்சா?"

"இல்ல."

அவன் மற்றத் தட்டுகளை எடுத்துப் பரணில் ஏற்றி வைத்தான்.

கல்லை வாசலில் குழி எடுத்து இறக்கியதும் தெருவே கூடி வந்து பார்த்தது. கமலாம்பாள் தினமும் கால் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, அழியவில்லை என்று கண்டு வருத்தத்தோடு உள்ளே போனாள். ராஜாராமோ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனார்.

அதே ராஜாராம் மாசி மாதத்தில் ஒரு காலை, காபி தம்ளரைக் கீழே வைத்தவர், சாய்ந்தபடியே போய்விட்டார்.

உடலை வாசலில் கிடத்த வேண்டும். சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் இருக்கக் கூடாது; வெறும் வாசலைப் பார்த்துத்தான் தெருவே சாவைத் தெரிந்துகொள்கிறது. எதிர்வீட்டு ராஜாம்பாள் பழக்க தோஷத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தாள். தூசியெல்லாம் போய், நீலமும் மஞ்சளும் பொங்கலன்று போட்டதுபோலப் பளபளத்தன. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, சாவு ஊட்ல கண்ணாலக் கோலம் சிரிக்குது," என்றாள் ராஜாம்பாள்.

சாணியைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் கால் பட்டு நடுப்பூ மட்டும் வெளியே வந்தது. முழுக்கோலமே தேவலை என்று ஆகிவிட்டது.

தனகோட்டி கடப்பாரையோடு வந்தான்.

"எங்க நைனாவ இது மேல கெடத்த மாட்டேன்."

அவன் சொன்னது நியாயம் என்று மீனம்பாளுக்குத் தெரிந்தது. நியாயம் என்பதற்காக அந்தக் கல் உடைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை. முதல் குத்திலேயே ஒரு நீலச் சில்லு பெயர்ந்து இராமச்சந்திரன் காலடியில் விழுந்தது. தனகோட்டி மறுபடி ஓங்கினான். மீனம்பாள் கல்மேல் ஏறி நின்றாள்.

"ஒடைக்காதீங்க. கெளப்புங்க."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே பிணம் கிடக்க, ஒரு மருமகள் தரைக்கல்லுக்காகப் பேசியதை அந்தத் தெரு அதற்குமுன் கேட்டதில்லை.

"சாவு ஊட்ல இன்னாம்மா பேசற நீ?" தனகோட்டியின் கடப்பாரை இன்னும் கீழே இறங்கவில்லை.

"கல்ல தனியாத்தான் வாத்தேன். அடியில வெறும் மணலு. ஓரத்துல நெம்புங்க, முழுசா வந்துடும். ஒடைக்கறதுன்னா பொழுது சாஞ்சிடும், மாமா அதுவரிக்கும் உள்ளயே கெடக்கணும்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. தனகோட்டி ஓரத்தில் நெம்பினான். கல் அசைந்தது. நாலு பேர் கை கொடுத்தார்கள். தோள் கொடுக்க வந்த அதே நாலு பேர். கதவுப் பலகையில் ஏற்றித் தூக்கியபோது, தெருமுனையில் காத்திருந்த மேளக்காரர்கள் நாலு பேர் எதையோ சுமந்து வருவதைப் பார்த்து, கடமை தவறாமல் அடிக்கத் தொடங்கினார்கள். அன்று அந்த வாசலிலிருந்து மேளத்தோடு முதலில் புறப்பட்டது கோலம்தான். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போகும்வரை யாரும் மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து, யாரும் கேட்காமலே தனகோட்டி ஆள் வைத்து அந்தக் கல்லைத் திரும்ப வாசலில் இறக்கினான். பெயர்ந்த சில்லை ஒட்டி, குழியில் புது மணல் நிரப்பி, கல்லின் இரண்டு பக்கமும் கொல்லனிடம் அடித்து வாங்கிய இரும்பு வளையங்களைப் பதித்திருந்தான். நல்ல எண்ணம்தான். யோசித்துப் பார்த்த எண்ணம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை தனகோட்டி வாசலில் நிற்க, கமலாம்பாள் வெளியே வந்தாள். மீனம்பாள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாத்துக்குடா வளையம்?"

"தூக்கறதுக்கும்மா. இனிமே கடப்பார வேணாம் பாரு."

"எப்ப தூக்க?"

தனகோட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் மீனம்பாளைப் பார்த்தான். அவள் கோலத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் வயதில் மூத்தவர் இனி யார் என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை.

மீனம்பாள் பையைக் கீழே வைத்தாள். "அத்தை, கல்ல எடுத்துடறேன். நாளையிலேர்ந்து மாவுக்கோலமே போட்டுடறேன்."

கமலாம்பாள் குனிந்து ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு மற்றதையும்.

"எடுக்க வேணாம். வளையத்துக்கு எண்ணெ போட்டு வைங்க. துரு புடிச்சிக்கினா அன்னிக்கு வராது," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றாமல் கோலத்தின் நடுவே நடந்து போனாள்.

மீனம்பாள் எண்ணெய்க் கிண்ணம் எடுக்க உள்ளே போனாள். அன்று பஸ் போய்விட்டது.